முட்டி மாற்று அறுவைக்குப் பிறகு: மடக்குவதற்கு முன் நீட்டுங்கள்

அறுவை முடிந்து படுத்திருப்பவரைப் பார்க்க வருகிற எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எத்தனை டிகிரி மடங்குது?" நோயாளியும் அந்த எண்ணையே பிடித்துக்கொள்கிறார். ஆனால் பிசியோதெரபிஸ்ட் படுக்கையருகே வந்ததும் முதலில் பார்ப்பது முட்டியின் பின்பக்கத்தை. அங்கே மெத்தைக்கும் காலுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா, கை நுழைகிறதா என்று பார்ப்பார். நுழைந்தால் முட்டி முழுதாக நீளவில்லை என்று அர்த்தம். முதல் இரண்டு வாரக் கவலை இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

காரணம் எளிது. முட்டி முழுதாக நீண்டிருந்தால் நிற்கும்போது உடல் எடை எலும்புகளின் வழியே இறங்கிவிடும், முன்தொடைத் தசைக்கு அதிக வேலை இல்லை. 10 டிகிரி மடங்கியே இருந்தால் நிற்கிற ஒவ்வொரு நொடியும் அந்தத் தசை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். கொஞ்ச தூரத்திலேயே தொடை சோர்ந்துவிடும். கால் குட்டையானது போலாகி விந்தி நடப்பார்கள். பாரம் மறு முட்டிக்கும் முதுகுக்கும் போகும். மடக்கம் மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போகும். நீட்டம் அப்படியல்ல. உள்ளே தழும்புத் திசு இறுகிவிட்டால் பிறகு மீட்பது பெரும்பாடு.

தலையணையை எங்கே வைப்பது

வார்டிலும் வீட்டிலும் அதிகம் நடக்கும் தவறு, வலிக்கிறதே என்று முட்டிக்கு அடியில் தலையணை வைப்பது. சுகமாகத்தான் இருக்கும். வீங்கிய மூட்டுக்குள் திரவம் நிறைந்திருப்பதால், கொஞ்சம் மடங்கிய நிலையில்தான் உள்ளழுத்தம் குறைவு, அதனால் வலியும் குறைவு. அந்தச் சுகத்திலேயே ராத்திரி முழுக்கக் கிடந்தால் பின்பக்கத் தசையும் மூட்டு உறையும் சுருங்கிவிடும். முட்டிப் பகுதியைத் தூக்கும் வசதியுள்ள மருத்துவமனைக் கட்டில்களிலும் இதே ஆபத்து உண்டு. அந்தப் பொத்தானைத் தொட வேண்டாம்.

துண்டு ஒன்றைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். கெண்டைக்காலும் முட்டியும் எதையும் தொடாமல் அந்தரத்தில் தொங்க வேண்டும். முட்டியைத் தன் எடையாலேயே கீழே இறங்க விடுங்கள். முதலில் 5 நிமிடம், பழகப் பழக 10, 15 நிமிடம், நாளைக்கு மூன்று நான்கு முறை. பின்பக்கம் இழுக்கும். அந்த இழுவை வேண்டியதுதான். கால்விரல்கள் கூரையைப் பார்த்திருக்கிறதா என்பதை மட்டும் கவனியுங்கள். பாதம் வெளிப்பக்கம் சாய்ந்துவிட்டால் முட்டி மடங்கியிருப்பது கண்ணுக்கே தெரியாது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது எதிரே ஒரு ஸ்டூல் போட்டுக் குதிகாலை மட்டும் அதன்மேல் வைத்தாலும் இதே பலன்தான்.

வீக்கத்துக்காகக் காலை உயர்த்த வேண்டுமென்றால் தலையணைகளை நீளவாக்கில் கெண்டைக்காலில் இருந்து குதிகால் வரை அடுக்குங்கள். பாதம் நெஞ்சை விட உயரத்தில் இருக்க வேண்டும், முட்டி நேராக இருக்க வேண்டும்.

முதல் 24 மணி நேரம்

பெரும்பாலான மருத்துவமனைகளில் அன்றைக்கே, அல்லது மறுநாள் காலையில் எழுப்பி நிற்க வைத்துவிடுவார்கள். எழும்முன் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். முதுகில் போட்ட ஊசியின் மரமரப்பு போய்விட்டதா, இரண்டு காலிலும் உணர்ச்சி வந்துவிட்டதா, ஆபரேஷன் காலில் தொடைத் தசை வேலை செய்கிறதா. வலிக்காக இடுப்புமடிப்பில் நரம்பு ஊசி போட்டிருந்தால் வலியே தெரியாமல் இருக்கும், ஆனால் நின்றதும் முட்டி மடங்கிக்கொண்டு ஆளை விழ வைத்துவிடும். தொடையின் நடுப்பகுதியில் போடும் ஊசி தசையின் பலத்தை அவ்வளவாகக் குறைப்பதில்லை, அதனால் இப்போது பல இடங்களில் அதையே விரும்புகிறார்கள். எந்த ஊசி என்று கேட்டுத் தெரிந்துகொள்வதில் தப்பில்லை.

படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டு இரண்டு மூன்று நிமிடம் இருங்கள். தலை சுற்றினால், கண் இருட்டினால், குமட்டினால் திரும்பப் படுத்துவிடுங்கள். ரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பார்க்கலாம். முதல் தடவை நர்சோ பிசியோவோ பக்கத்தில் இல்லாமல் எழ வேண்டாம். அறுவைக்குப் பிந்தைய விழுகைகளில் பல, ராத்திரியில் யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாமே என்று கழிவறைக்குத் தனியே எழுந்து போகும்போது நடப்பவை. மணியை அடியுங்கள். அதற்காகத்தான் அது இருக்கிறது.

விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கொரு தடவை பாதத்தை மேலும் கீழும் 20 முறை நன்றாக அசையுங்கள். கெண்டைக்கால் தசைதான் காலின் ரத்தத்தை மேலே தள்ளும் பம்பு. அது ஓடிக்கொண்டிருந்தால் ரத்தம் உறையும் வாய்ப்பு குறையும். மூன்று பந்து வைத்த மூச்சுப் பயிற்சிக் கருவி கொடுத்திருந்தால் மணிக்கு 10 தடவை. இதில் பாதிப் பேர் தவறு செய்கிறார்கள்: அதை ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். முழுதாக மூச்சை வெளியே விட்டுவிட்டு, மெல்ல உறிஞ்சி, பந்து மேலே நிற்கும் நிலையில் இரண்டு மூன்று நொடி பிடித்து விடுங்கள்.

முன்தொடைத் தசையை எழுப்புவது

அறுவைக்குப் பிறகு பலர் திகைத்துப் போகிற தருணம் ஒன்று உண்டு. "காலைத் தூக்குங்க" என்கிறார் பிசியோ. தூக்க நினைக்கிறார்கள். கால் அசையவே இல்லை. நரம்பு அறுந்துவிட்டதோ என்று பயந்துவிடுகிறார்கள். அப்படி எதுவும் ஆகவில்லை. வீங்கிய மூட்டிலிருந்து போகும் சமிக்ஞைகள் தண்டுவடத்தில் முன்தொடைத் தசைக்கான கட்டளையை அமுக்கிவிடுகின்றன. தசை நன்றாகத்தான் இருக்கிறது, அதற்கு உத்தரவு போய்ச் சேரவில்லை. வீக்கம் இருக்கும்வரை இந்த அமுக்கமும் இருக்கும் என்பதால், வீக்கத்தைக் குறைப்பதும் பலப்படுத்தும் பயிற்சியில் சேர்ந்ததுதான்.

எழுப்பும் விதம் இது. மல்லாந்து படுத்து, அல்லது சாய்ந்து உட்கார்ந்து காலை நீட்டிக்கொள்ளுங்கள். உங்கள் உள்ளங்கையை முட்டிக்கு அடியில் வையுங்கள். கால்விரல்களை உங்கள் பக்கம் இழுத்து, முட்டியால் அந்தக் கையை மெத்தையோடு நசுக்குவது போல் அழுத்துங்கள். சரியாகச் செய்தால் மூன்று விஷயம் நடக்கும்: கையில் அழுத்தம் தெரியும், முட்டிச்சில்லு தொடைப் பக்கம் லேசாக நகரும், குதிகால் மெத்தையிலிருந்து ஒரு நூல் எழும்பும். 5 நொடி பிடியுங்கள், 5 நொடி விடுங்கள். 10 தடவை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு சுற்று. மூச்சை அடக்காமல், சத்தமாக எண்ணிக்கொண்டே செய்தால் மூச்சு தானாக ஓடும்.

ஏமாற்று வேலையும் உண்டு, அதைத் தெரியாமலேயே செய்வார்கள். தொடைக்குப் பதில் பிட்டத்தை இறுக்கி இடுப்பைத் தூக்குவது ஒன்று. மறு கையைத் தொடையின் முன்பக்கத்தில், முட்டிச்சில்லுக்கு நான்கு விரல் மேலே வைத்துப் பாருங்கள். அங்கே கெட்டிப்பட வேண்டும். கொழகொழவென்றே இருந்தால் இரண்டு கால்களையும் ஒரே நேரத்தில் இறுக்குங்கள், நல்ல கால் செய்வதைப் பார்த்து மற்றது தொற்றிக்கொள்ளும். இரண்டு மூன்று நாளாகியும் எழவில்லை என்றால் மின்தூண்டல் கருவி பயன்படும், பிசியோவிடம் கேளுங்கள்.

தசை இறுக ஆரம்பித்த பிறகு அடுத்த படி: முட்டிக்கு அடியில் சுருட்டிய கெட்டித் துண்டை வைத்து (பயிற்சிக்கு மட்டும், முடிந்ததும் எடுத்துவிட வேண்டும்) குதிகாலை மட்டும் தூக்கி முட்டியை நேராக்குவது. அதற்கும் அடுத்தது நேர்க்காலைத் தூக்குவது. ஓர் அடி உயரம் போதும், 10 தடவை. தூக்கும்போது முட்டி தொய்ந்து மடங்கினால் தசை இன்னும் தயாராகவில்லை, ஒரு படி பின்னால் போங்கள். அந்தத் தொய்வு இருக்கும்வரை வாக்கரை விடக் கூடாது.

மடக்குவது

சமதளத்தில் நடக்க 65 முதல் 70 டிகிரி மடங்கினால் போதும். படியேற 90 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவாக வேண்டும், இறங்க அதைவிடக் கூடுதலாக. சாதாரண நாற்காலியில் கையை ஊன்றாமல் எழ 100 டிகிரி பக்கம் வேண்டும். இரண்டு வாரத்தில் 90, ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்தில் 110 முதல் 120 என்பது பலர் எட்டுகிற இலக்கு. அறுவைக்கு முன்பே 90 டிகிரிதான் மடங்கிய முட்டி, புதிதாக வைத்த பிறகு 130-க்குப் போய்விடாது. பக்கத்துப் படுக்கைக்காரரோடு ஒப்பிட்டு மனம் நொந்துகொள்ள வேண்டாம்.

படுத்தபடி குதிகாலைப் பிட்டத்தை நோக்கி இழுங்கள். குதிகாலுக்கு அடியில் வழுக்கும் பிளாஸ்டிக் தாள் விரித்து, காலுறை போட்டுக்கொண்டால் உரசல் இருக்காது. பாதத்தில் ஒரு நீளத் துண்டை மாட்டிக் கையால் கூடக் கொஞ்சம் இழுக்கலாம். எட்டிய இடத்தில் 5 முதல் 10 நொடி நிறுத்தி மெல்ல விடுங்கள். 10 தடவை, நாளைக்கு மூன்று வேளை. நாற்காலியில் என்றால் பாதத்தை முடிந்தவரை பின்னால் இழுத்துத் தரையில் பதித்து, அதை நகர்த்தாமல் உடம்பை முன்னால் தள்ளி உட்காருங்கள், இன்னும் சில டிகிரி கிடைக்கும். இங்கேயும் ஓர் ஏமாற்று இருக்கிறது: இடுப்பை ஒரு பக்கம் தூக்கினால் மடக்கம் கூடியது போலத் தோன்றும். இரண்டு பிட்டமும் இருக்கையில் சமமாகப் பதிந்திருக்கட்டும்.

வீட்டில் பலசாலி யாராவது வந்து, "நான் மடக்கிவிடறேன்" என்றால் ஒப்புக்கொள்ள வேண்டாம். வெளியிலிருந்து முரட்டுத்தனமாக மடக்கினால் தசை எதிர்த்து இறுகும், வீக்கம் ஏறும், மறுநாள் முன்பு மடங்கியதுகூட மடங்காது.

மறுநாள் காலை சொல்லும் கணக்கு

எவ்வளவு பயிற்சி போதும் என்பதற்கு நம்பகமான அளவுகோல் மறுநாள் காலை. செய்யும்போது வலிக்கும், முடிந்து அரை மணி நேரத்தில் தணிய வேண்டும். இரண்டு மணி நேரமாகியும் தணியவில்லை, அல்லது மறுநாள் எழும்போது முட்டி நேற்றைவிடப் புடைத்துச் சூடாக இருக்கிறது என்றால் நேற்றைய அளவு அதிகம். எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், நிறுத்திவிடாதீர்கள். தையல் டேப்பால் முட்டிச்சில்லின் நடுவில் சுற்றளவை தினமும் காலையில் ஒரே நேரத்தில் அளந்து எழுதி வைத்தால் ஊகிக்கத் தேவையில்லை. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஏறினால் முந்தின நாள் என்ன செய்தோம் என்று யோசிக்க வேண்டும். பெரும்பாலும் பயிற்சி காரணமாக இருக்காது. விருந்தாளிகளோடு மூன்று மணி நேரம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்ததுதான் காரணமாக இருக்கும். முதல் சில வாரங்களில் ஒரே இடத்தில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டாம்.

வலி மாத்திரையைப் பயிற்சிக்கு அரை மணி முதல் முக்கால் மணி நேரம் முன்பு போடுங்கள். பயிற்சி முடிந்ததும் ஐஸ், 15 முதல் 20 நிமிடம், நடுவில் துணி வைத்து. அறுவைக் காயத்தைச் சுற்றி உணர்ச்சி குறைவாக இருப்பதால் ஐஸ் தோலைச் சுட்டாலும் தெரியாது. அதனால் நேரத்தைக் கடிகாரத்தில் பாருங்கள்.

வாக்கர், ஊன்றுகோல், படி

வாக்கரின் உயரம் தப்பாக இருந்தால் நடை முழுவதும் தப்பாகிவிடும். நிமிர்ந்து நின்று கைகளைத் தொங்கவிடுங்கள். கைப்பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக இருக்க வேண்டும். பிடிக்கும்போது முழங்கை லேசாக மடங்கும். நான்கு கால்களிலும் ஒரே துளையில் பொத்தான் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

முதலில் வாக்கர், அடுத்து ஆபரேஷன் கால், பிறகு நல்ல கால். வாக்கரின் முன்கம்பி வரை காலைக் கொண்டுபோனால் பின்னால் சாய்ந்துவிடுவீர்கள். பாதி வரை போதும். குதிகாலை முதலில் பதியுங்கள். பாதம் முழுவதையும் தட்டையாக வைத்து நடக்கப் பழகினால் முட்டி நீளாமலேயே பழகிவிடும். எவ்வளவு எடை போடலாம் என்பதை மட்டும் அறுவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் முழு எடைக்கும் அனுமதி உண்டு, எலும்பில் விரிசல் சரிசெய்திருந்தால் கட்டுப்பாடு இருக்கும்.

வாக்கரிலிருந்து ஊன்றுகோலுக்கு மாறும்போது கோலை நல்ல காலின் பக்கக் கையில் பிடியுங்கள். ஆபரேஷன் காலின் பக்கமே பிடிக்கத்தான் எல்லோருக்கும் தோன்றும். அப்படிப் பிடித்தால் உடம்பு அந்தக் காலின் மேலேயே சாயும். கோலும் ஆபரேஷன் காலும் ஒன்றாக முன்னால் போக வேண்டும். எப்போது கோலை விடலாம்? நாள் கணக்கு வேண்டாம், விந்தாமல் நடக்க முடிகிற நாளில் விடுங்கள். கோல் இல்லாமல் விந்தி நடப்பதைவிடக் கோலோடு நேராக நடப்பது நல்லது.

படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். கோல் எப்போதும் ஆபரேஷன் காலோடு போகும். மறு கை கைப்பிடிச் சுவரில். டிஸ்சார்ஜுக்கு முன்பே வார்டில் நாலைந்து படியாவது ஏறி இறங்கிப் பார்த்துவிடுங்கள், வீட்டு வாசலில் அது முதல் முறையாக இருக்க வேண்டாம். தளர்வான செருப்பும், கால் தடுக்கும் விரிப்பும், கழிவறை வழியில் கிடக்கும் ஒயரும் ஆகாது. அவற்றை வீடு திரும்பும் முன்பே யாரையாவது அகற்றச் சொல்லுங்கள்.

இடுப்பு மூட்டு மாற்றியவர்களுக்கு

விதி வேறு. இங்கே கவலை மூட்டு நழுவுவது பற்றி. பின்பக்கமாக வெட்டிச் செய்திருந்தால் ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் வரை மூன்று அசைவுகளுக்குத் தடை சொல்வது வழக்கம்: இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்குவது, காலை நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கம் கொண்டுபோவது, பாதத்தை உள்பக்கம் திருப்புவது. மூன்றும் ஒரே நேரத்தில் நடக்கிற இடம் ஒன்று உண்டு. தாழ்வான இருக்கையில் உட்கார்ந்து குனிந்து செருப்பு மாட்டுவது. நீளக் கைப்பிடிச் செருப்பேற்றி வாங்கிக்கொள்ளுங்கள். இருக்கை முட்டியைவிட உயரமாக இருக்க வேண்டும், கழிவறைக்கு உயர்த்தும் இருக்கை போடுங்கள். எழும்போது ஆபரேஷன் காலைச் சற்று முன்னால் நீட்டிவிட்டு, கைகளை ஊன்றி எழுங்கள். தூங்கும்போது தொடைகளுக்கு நடுவே தலையணை. நடக்கும்போது திரும்ப வேண்டுமென்றால் ஆபரேஷன் காலை ஊன்றிச் சுழல வேண்டாம், சின்னச் சின்ன அடியாக வைத்துத் திரும்புங்கள்.

முன்பக்கமாகச் செய்திருந்தால் தடைகள் கிட்டத்தட்ட எதிர்மாறு: காலைப் பின்னால் நீட்டுவதும் பாதத்தை வெளிப்பக்கம் திருப்புவதும்தான் கவனிக்க வேண்டியவை. சில மருத்துவர்கள் எந்தத் தடையும் சொல்வதில்லை. அதனால் பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன விதி உங்களுக்குப் பொருந்தாது. எந்த வழியில் வெட்டினார்கள் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மல்லாந்து நேர்க்காலைத் தூக்கும் பயிற்சியையும் இடுப்புக்கு ஆரம்பத்தில் பலர் தருவதில்லை, அது மூட்டின்மேல் அதிகப் பாரம் ஏற்றும்.

காரில் ஏறும்போது முட்டி மாற்றியவர்களுக்கும் இடுப்பு மாற்றியவர்களுக்கும் ஒரே முறை. முன்னிருக்கையை முழுதாகப் பின்னால் தள்ளி, முதுகைச் சாய்த்து, இருக்கையில் ஒரு பிளாஸ்டிக் பை விரியுங்கள். காருக்கு முதுகைக் காட்டி முதலில் உட்கார்ந்து, பின்னால் நகர்ந்து, அப்புறம் கால்களை உள்ளே எடுங்கள். வண்டி கிளம்பும் முன் பையை உருவிவிடுங்கள், இல்லையென்றால் பிரேக் போடும்போது சறுக்கும்.

காயமும் ஆபத்து அறிகுறிகளும்

தையலோ ஸ்டேபிளோ 10 முதல் 14 நாளில் எடுப்பார்கள். முதல் இரண்டு மூன்று நாள் கொஞ்சம் கசியலாம். ஐந்து நாளாகியும் கட்டு நனைந்துகொண்டே இருந்தால் அறுவை செய்த மருத்துவரிடமே காட்டுங்கள். கையிலிருக்கும் ஆன்டிபயாடிக்கைத் தொடங்கிவிட வேண்டாம். அது உள்ளே தொற்று இருந்தால் மறைத்துவிடும், எந்தக் கிருமி என்று பரிசோதனையில் கண்டுபிடிப்பதும் கடினமாகிவிடும். முதல் இரண்டு நாள் லேசான காய்ச்சல் பெரும்பாலும் சாதாரணம். தணிந்த காய்ச்சல் திரும்பி வருவதும், குறைந்துகொண்டிருந்த வலி திடீரென்று ஏறுவதும் சாதாரணம் இல்லை.

கன்றிப்போன கருநீலம் புவியீர்ப்பால் கணுக்கால் வரை இறங்கும், பயப்பட வேண்டாம். ஆனால் கெண்டைக்கால் மட்டும் கெட்டியாகி, தொட்டால் வலித்து, ராத்திரி முழுக்க உயர்த்தி வைத்தும் வீக்கம் வடியவில்லை என்றால் ரத்தக்கட்டியாக இருக்கலாம். அங்கே தேய்த்துவிடக் கூடாது, அன்றைக்கே ஸ்கேன் பார்க்க வேண்டும். திடீர் மூச்சுத்திணறல், மூச்சிழுக்கும்போது நெஞ்சுவலி, இருமலில் ரத்தம் என்றால் நேராக அவசரப் பிரிவுக்கு.

ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையோ ஊசியோ இரண்டு வாரம் முதல் ஐந்து வாரம் வரை போகும், நன்றாக நடக்கிறோமே என்று நடுவில் நிறுத்தக் கூடாது. அதோடு வேறு வலி மாத்திரையைக் கேட்காமல் சேர்க்கவும் கூடாது, ரத்தக்கசிவு ஏற்படலாம். பாராசிட்டமால் பெரியவர்களுக்கு நாளைக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது. வயதானவர்களுக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் அதைவிடக் குறைவு. கூட்டு மாத்திரைகளிலும் அது ஒளிந்திருக்கும், அட்டையைப் படியுங்கள். வீரியமான வலி மாத்திரைகள் மலச்சிக்கலைக் கொண்டுவரும், அதற்கான மருந்தை முதல் நாளிலிருந்தே கேட்டு வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம்.

ஆறு வாரத்துக்குப் பிறகு

கார் ஓட்டுவது பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு வாரத்துக்குப் பிறகு. தூக்கம் வரவழைக்கும் மாத்திரைகளை நிறுத்தியிருக்க வேண்டும், சட்டென்று பிரேக்கை மிதிக்க முடிய வேண்டும், மருத்துவர் சரி என்றிருக்க வேண்டும். உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு ஆறு வாரம், நின்று அலையும் வேலைக்கு மூன்று மாதம் வரை ஆகலாம்.

ஆறு வாரமாகியும் 90 டிகிரியைத் தாண்டவில்லை என்றால் "போகப் போகச் சரியாகிடும்" என்று இருந்துவிடாதீர்கள். மயக்கம் கொடுத்து முட்டியை மடக்கித் தழும்பை விலக்கும் முறை இருக்கிறது. பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள் செய்தால்தான் நல்ல பலன். தள்ளிப் போட்டால் திசு கெட்டிப்பட்டுவிடும்.

முட்டித் தழும்பின் வெளிப்பக்கம் மரத்துப் போயிருப்பது, தோலுக்கடியில் ஓடும் சிறு நரம்புக் கிளை அறுபடுவதால் வருவது. அந்தப் பரப்பு மாதக்கணக்கில் சுருங்கும், கொஞ்சம் நிரந்தரமாகவும் தங்கலாம். நடக்கும்போது டக் டக் என்று கேட்பது உலோகமும் பிளாஸ்டிக்கும் தொடும் சத்தம், வலி இல்லாதவரை பொருட்படுத்த வேண்டாம். லேசான சூடும் மாலைநேர வீக்கமும் ஆறு மாதம் வரை இருக்கலாம். வலியே இல்லாவிட்டாலும் மருத்துவர் குறித்துக் கொடுத்த தேதியில் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் தேய்வதும் சுற்றியுள்ள எலும்பு கரைவதும் வருடக்கணக்கில் வலிக்காமலேயே நடக்கக்கூடியவை. படத்தில்தான் முதலில் தெரியும்.